ஓட்டுநருடன் பேசுங்கள்

மலைப் பயணத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் தவறாமல் வந்துவிடும் பத்தி ஒன்று உண்டு. கொண்டை ஊசி வளைவு. ஒரு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றியபடி மறு கையில் பீடியோடு கதை சொல்லிக்கொண்டு வரும் ஓட்டுநர். பின்னால் கண்களை இறுக மூடிக்கொண்டு முருகனையோ மாரியாத்தாளையோ அழைக்கும் ஒரு பெண்மணி. "மெதுவா போங்க" என்று அவர் சொல்வார். ஓட்டுநர் சிரிப்பார். கட்டுரையாளரும் சிரிப்பார். வாசகரும் சிரித்துவிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கடைசியில் வண்டி பத்திரமாக அடிவாரம் வந்து சேரும். ஓட்டுநரின் அனுபவ ஞானம் நிலைநாட்டப்படும். பயந்தவர் அசடு வழிவார். மலையின் வீரன், வண்டிக்குள் ஒரு கோழை என்ற இந்த இரண்டு அட்டைப் பாத்திரங்களை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை காலம்தான் எழுதிக்கொண்டிருக்கப் போகிறோம்?

அந்தப் பத்திக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். அதில் இருப்பது வெறும் ரசனைக் குறைபாடு அல்ல, அறக் குறைபாடு என்பதே என் தரப்பு. அப்படியொரு பத்தியை நானும் எழுதியிருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முந்தலைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள். போடியின் வெக்கையில் கிளம்பியவர் மேலே இறங்கும்போது மூடுபனிக்குள் நிற்பார். அதற்கப்பால் கேரளம், பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று விரியும் ஏலத்தோட்டங்கள். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு என்ற பெருமையெல்லாம் இந்தச் சாலைக்கு உண்டு. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பாறை உருண்டுவிட்டால் போதும், அந்தப் பெருமை அங்கேயே நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, பூப்பாறையிலிருந்து போடிக்கு ஒரு ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னிருக்கை. பின்னால் எதிரெதிர்ப் பலகைகளில் முழங்காலோடு முழங்கால் இடிக்க, தோட்டத்து வேலை முடிந்து திரும்புகிறவர்கள். அவர்களில் ஒரு மூதாட்டி, மடியில் தூக்குவாளியோடு. மூன்றாவது வளைவிலோ நான்காவது வளைவிலோ அவர் சொன்னார்: "ஏப்பா, கொஞ்சம் நிதானமாப் போப்பா." ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆத்தா, இருவது வருசமா இந்த ரோட்டுலதான் ஓட்டுறேன். கண்ணக் கட்டி விட்டாலும் போடி போயிருவேன். நீ பேசாம வா." ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டு வளைவு கழித்து அவர் மறுபடியும் சொன்னார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை, சலித்துக்கொண்டார்கள். முந்தல் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். போடிவரைக்கும் காசு கொடுத்திருந்தவர். மீதியைக் கேட்கவில்லை. சாலையோரமாகத் தூக்குவாளியை வைத்துவிட்டுப் பேருந்துக்காக நின்றார்.

ஊர் திரும்பி நான் எழுதிய கட்டுரையில் கண்ணைக் கட்டி விட்டாலும் போடி போய்விடும் ஓட்டுநர் இருந்தார். சிரித்த ஜீப் இருந்தது. முந்தலில் இறங்கியவர் இல்லை. அவரைச் சேர்த்தால் பத்தி கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

*

ஓட்டுநரின் தரப்பை முதலில் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அச்சப்படுகிறவர் கேட்பதையெல்லாம் செய்தால் வண்டி பள்ளத்தில்தான் கிடக்கும்.

இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்பது மலைப்பாதையின் பாலபாடம். தாழ்ந்த கியரில் எஞ்சின் உறுமும். அந்த உறுமலை வேகம் என்று எடுத்துக்கொள்கிற பயணி, "பிரேக்கைப் பிடிங்க, பிரேக்கைப் பிடிங்க" என்பார். அவருடைய மனநிம்மதிக்காக வழிநெடுகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, உண்மையிலேயே தேவைப்படுகிற வளைவில் பிடிக்காமல் போகும். பள்ளத்தைப் பார்த்து மிரண்டவர், மலைப்பக்கமாக ஒட்டிப் போகச் சொல்வார். கொண்டை ஊசி வளைவுகளில் பள்ளம் ஒரு திருப்பத்தில் இடப்பக்கம் என்றால் அடுத்த திருப்பத்தில் வலப்பக்கம். எப்போதும் மலையை ஒட்டியே போவதென்றால் பாதித் தூரம் எதிரே வருகிற வண்டியின் தடத்தில் போக வேண்டும். பனிமூட்டத்தில் வளைவின் நடுவே நிறுத்தச் சொல்கிறவரும் உண்டு. பின்னால் வருகிற லாரிக்கு அவருடைய பயம் தெரியாது. குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று சாலை விதியே இருக்கிறது. அதற்காக விளிம்புப் பக்கம் ஒதுங்கும் ஓட்டுநரின் தோளைப் பிடித்து உலுக்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆக, கையும் காலும் செய்ய வேண்டிய வேலையில் பயணிக்குக் குரல் கிடையாது. கியர், பிரேக், திருப்பும் கோணம், ஹாரன் ஆகிய இவை தொழில். தொழில் தெரிந்தவரிடம் அதை விட்டுவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஆனால் அந்த மூதாட்டி கியரை மாற்றச் சொல்லவில்லை. நிதானமாகப் போகச் சொன்னார். எப்படி ஓட்டுவது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வேகத்தில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, எந்த நேரத்தில், எந்த மழையில் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதலாவது திறமை சம்பந்தப்பட்டது. இரண்டாவது, எவ்வளவு ஆபத்தைத் தாங்கிக்கொள்வது என்பது சம்பந்தப்பட்டது. அந்த ஆபத்தைத் தாங்கப் போகிற உடல்களில் ஓட்டுநரின் உடல் ஒன்று மட்டும்தான். கத்தியை எங்கே வைப்பது என்று அறுவை மருத்துவரிடம் நாம் சொல்வதில்லை. ஆனால் அறுக்கலாமா என்பதற்கு நம் ஒப்புதல் வேண்டும். ஒன்றுக்குத் தந்த ஒப்புதலை இன்னொன்றுக்கு நீட்டிக்கொள்ளக் கூடாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததே எல்லா வேகத்துக்கும் தந்த ஒப்புதல் ஆகிவிடுமா?

இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதில்தான் "நீ பேசாம வா" என்ற பதிலின் சாமர்த்தியம் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியின் விடை தரப்படுகிறது.

*

சரி, இருபது வருட அனுபவம்? அதை மதிக்க வேண்டாமா?

மதிக்கலாம். ஆனால் அனுபவம் எதைக் கற்றுத்தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வளைவில் வேகமாகத் திரும்பியபோது எதிரே எதுவும் வராத ஒவ்வொரு முறையும், அப்படித் திரும்பலாம் என்ற பாடத்தைத்தான் அனுபவம் கற்றுத்தருகிறது. திறமையால் தப்பித்ததும் அதிர்ஷ்டத்தால் தப்பித்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஓட்டியவருக்கே கூட. 1981இல் ஓலா ஸ்வென்சன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பலமுறை மேற்கோள் காட்டப்படுவது. அவர் கேட்ட அமெரிக்கர்களில் 93 சதவீதத்தினரும் ஸ்வீடன்காரர்களில் 69 சதவீதத்தினரும் திறமையில் தாங்கள் மேல் பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள். மேல் பாதியில் ஐம்பது பேருக்குத்தான் இடம். போடிமெட்டில் கேட்டாலும் விடை பெரிதாக மாறாது என்றே நினைக்கிறேன். எழுத்தாளர்களிடம் கேட்டாலும் மாறாது.

அனுபவம் செவியை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கொடிய சாட்சி இருக்கிறது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில், குன்றின் உச்சியைச் சமன்செய்து அமைத்த ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். தலைமை விமானி பத்தாயிரம் மணிநேரத்துக்கு மேல் பறந்தவர். தரையிறங்குவதைக் கைவிட்டு மேலே எழும்பிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் இறக்குவதிலேயே விடாப்பிடியாக இருந்தார் என்று விசாரணை நீதிமன்றம் பதிவுசெய்தது.

துணை விமானி பயிற்சி பெற்றவர், தூக்குவாளியோடு வந்த மூதாட்டிக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை கென்யாவில் இருக்கிறது.

மடாட்டு என்பது கென்யாவின் மினிபஸ். நம் ஷேர் ஆட்டோ, தோட்டத்து ஜீப் ஆகியவற்றின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். ஜேம்ஸ் ஹப்யரிமானா, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் நெடுந்தூர மடாட்டுகளில் ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த வண்டிகளுக்குள், கண்மூடித்தனமாக ஓட்டினால் ஓட்டுநரைத் தட்டிக் கேளுங்கள் என்று பயணிகளைத் தூண்டும் ஒட்டுவில்லைகளை ஒட்டினார்கள். அவற்றைக் கிழிக்காமல் வைத்திருக்கும் ஓட்டுநர்களுக்குப் பரிசுச் சீட்டு. அவ்வளவுதான். 2011இல் வெளியான முடிவுகளின்படி, ஒட்டுவில்லை ஒட்டிய வண்டிகளின் விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கைகள் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை குறைந்திருந்தன. பின்னர் 12,000க்கும் மேற்பட்ட வண்டிகளில் விரித்துச் செய்தபோதும் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குறைந்தன. அந்தப் பயணிகளில் யாரும் மோட்டார் மெக்கானிக் அல்ல. பயமாக இருக்கிறது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறெதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

நம் பேருந்துகளில் என்ன எழுதியிருக்கிறது? 'ஓட்டுநருடன் பேசாதீர்.'

ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட வாசகம் அது என்பது தெரியும். அரட்டை அடிக்காதீர்கள் என்ற பொருளில் அதை ஏற்கிறேன். ஆனால் நாளடைவில் அது வேறொன்றாகிவிட்டது. வண்டிக்குள் ஏறியவர் வாயை அடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்பதாகிவிட்டது.

பயம் என்பது அறியாமை அல்ல. ஓட்டுநருக்கு எட்டாத ஒரு செய்தி அதில் இருக்கிறது. திருப்பப் போகிறவர் அவரே என்பதால் அவருடைய உடல் திருப்பத்துக்கு முன்பே தயாராகிவிடுகிறது; பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங் இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்குக் குமட்டல் வருவது அரிது என்பதற்கும் இதுதான் காரணம். பின்பலகையில் பக்கவாட்டாக உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்த நொடி எந்தப் பக்கம் தூக்கி எறியப்படுவோம் என்று தெரியாது. வண்டி எவ்வளவு ஆடுகிறது என்பதை முன்னிருக்கையைவிடப் பின்பலகை நன்றாக அறியும்.

ஆச்சரியம் என்னவென்றால், இதை நம் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது, நம் கட்டுரைகள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டுவதைக் குற்றம் என்றது. 2019இல் அந்தப் பிரிவைத் திருத்தியபோது, வண்டிக்குள் இருப்பவர்களுக்குத் திகிலோ மனத்துயரோ உண்டாகும்படி ஓட்டுவதையும் அதில் சேர்த்தார்கள். அதாவது, மூதாட்டியின் கலக்கம் நகைச்சுவைக்கான கச்சாப்பொருள் அல்ல. சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஒரு நிலை.

*

இனி, உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

பயப்படும் உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. 2023 ஜூன் முதல் சென்னையிலிருந்து போடிக்கே நேராக ரயில் வருகிறது. இறங்கி, காரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு மூணாறு செல்லும் குடும்பம் மலைமேல் "டிரைவர், ஸ்லோவா போங்க" என்றால் கார் மெதுவாகப் போகும். அவர்கள் வண்டிக்குப் பணம் கொடுக்கிறவர்கள். போனபின் செல்பேசியில் நட்சத்திரமும் கொடுக்கப் போகிறவர்கள். அவர்களுடைய பயத்துக்கு விலை உண்டு.

அதே சாலையில், போடியிலும் தேவாரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் விடியுமுன்பே கிளம்புகிற ஜீப்புகளில் ஏலத்தோட்டத்துப் பெண்கள் போகிறார்கள். பதிவுச் சான்றிதழில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கும் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இருக்காது. அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள் அல்ல. வேண்டாம் என்று இறங்கிவிட்டால் அன்றைய கூலி போயிற்று. நாளைக்குக் கூப்பிடுவார்களா என்பதும் சந்தேகம். காய் எடுப்புக் காலத்தில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்குள் தோட்டத்தில் நிற்க வேண்டும். இந்த நிலையில் "மெதுவா போப்பா" என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நாம் யோசித்ததில்லை. பேசாமல் இருக்கும் இருபது பேரைப் பார்த்து, பழகிவிட்டது, இவர்களுக்குப் பயமில்லை என்று எழுதிவிடுகிறோம். பேசிய ஒருவரைக் கோமாளியாக்குகிறோம்.

அங்கே ஓட்டுநரின் சுயமான தீர்ப்பு என்றும் ஒன்று இல்லை என்பதுதான் இதில் பெரிய அபத்தம். பத்துப் பேரோடு போனால் டீசலுக்கும் வண்டித் தவணைக்கும் கட்டாது. ஒரு நடையை முடித்தால்தான் அடுத்த நடை. மாட்டேன் என்றால் போட்டிக்கு இன்னொரு ஜீப் தயாராக நிற்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பது அவருடைய கை அல்ல. வண்டியில் இல்லாத ஒருவருடைய கடிகாரம். அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு அவர் எடுக்கும் துணிச்சலை மலைமகனின் வித்தை என்று நாம் கொண்டாடும்போது, உண்மையில் யாருடைய லாபத்தைக் கொண்டாடுகிறோம்? ஓட்டுநரும் பயணியும் எதிரெதிர்த் தரப்புகள் என்பதே நம் கட்டுரைகள் கட்டிய புனைவு. மெதுவாகப் போகும் சுதந்திரம் இருவருக்குமே இல்லை.

சட்டம் இங்கும் பாதிவழி வந்திருக்கிறது. கூடுதலாக ஏற்றிய ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது 194ஏ பிரிவு. கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்த பிறகே ஜீப் நகர வேண்டும் என்றும் சொல்கிறது. விடிகாலையில் முந்தலில் அந்த மாற்று வண்டியை ஏற்பாடு செய்யப் போவது யார்? அதே பிரிவில், ஓட்டியவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளிகளே என்று இருக்கிறது. அந்தச் சொற்களைத் தோட்டத்து வாசல்வரை கொண்டுபோகாதவரை அபராதம் ஓட்டுநரின் பையிலிருந்துதான் போகும். அதை ஈடுகட்ட அவர் மறுநாள் இன்னும் இரண்டு பேரை ஏற்றுவார்.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) வெளிவந்தபோது நாம் எல்லாரும் அதைக் கொண்டாடினோம். ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து இந்த மலையில் நடந்தவர்களின் கால்களை அந்தப் படம் பொறுமையாகப் பார்த்தது. அந்தப் பொறுமை ஜீப்பின் பின்பலகைக்கும் வேண்டும். தோட்டங்கள் அனுப்பும் வண்டிகளில் ஆள் எண்ணிக்கையைத் தோட்டங்களே பொறுப்பேற்று அடக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு ஜீப்பிலும் 'பயமாக இருந்தால் சொல்லுங்கள்' என்று எழுதிவைக்க வேண்டும் என்றும் கேட்கலாம், கேட்க வேண்டும். எழுதுகிறவர்கள் செய்யக்கூடியது அதைவிட எளிது. அந்தப் பத்தியை நிறுத்தலாம். அல்லது, எழுதுவதென்றால் இறங்கிப் போனவரையும் சேர்த்து எழுதலாம்.

என் கட்டுரையில் விட்டுப்போனதை இங்கே சேர்த்துவிடுகிறேன். முந்தலில் அவர் இறங்கியதும் ஜீப் உடனே கிளம்பிவிட்டது. பேருந்து எப்போது வந்தது, அன்றிரவு அவர் எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மலையிறக்கத்தில் அவர் இரண்டாவது முறை சொன்னபோது, முன்னிருக்கையில் இருந்த நான், "அண்ணே, கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்" என்று சொல்லியிருக்கலாம். கால்சட்டையும் கண்ணாடியும் தோள்பையுமாக இருந்த நான் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார்.